நனையாத தாளோடு மண்டபத்தூர் வரை

1984 ஐப்பசி மழையில் காரைக்காலுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. நெரவியில் என் சித்தி மகள் கமலம் வைக்கோலிலிருந்து தாள் செய்துவந்தாள். தாள் தண்ணீரைக் குடிக்கிறது, வேதியியல் படித்த நான் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். மண்டபத்தூர்க் கருவாட்டு வியாபாரி காத்தாயி பொட்டலத்துக்கு அதை வாங்காவிட்டால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

மாயவரத்தில் காலை ஏழு மணிப் பேருந்து. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜன்னலை மூட முடியவில்லை. காரைக்காலில் நெரவிக்கு வேறு பேருந்து.

வைக்கோல் கூழில் முதலில் பைன் பிசின் சோப்பு, பிறகு படிகாரம் சேர்ப்பது வழக்கம். படிகாரம் பிசினை நாரோடு ஒட்டவைக்கும்; பிசின் தண்ணீரைத் தள்ளும். கமலத்தின் கிணற்றிலோ சுண்ணாம்புத் தண்ணீர். படிகாரம் சேருமுன்பே சோப்பு திரிந்துவிடுகிறது. நாரில் படிகாரம் முன்பே இருந்தால் சோப்பு விழுந்ததும் அதோடு ஒட்டிக்கொள்ளும் என்று, படிகாரத்தை முதலில் போடச் சொன்னேன். மறுநாள், அடுப்புச் சூட்டில் உலர்ந்த தாளில் தண்ணீர்த் துளி முத்தாக நின்றது.

கமலம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தம்மாகிட்ட என்ன சொல்லிவச்சிருக்க?"

"நனையாதுன்னு சொன்னேன்க்கா."

அங்கேதான் எனக்குச் சந்தேகம். பிசின் தண்ணீரைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மண்டபத்தூரில் காத்தாயி ஈரக் கருவாட்டை அந்தத் தாளில் மடித்து, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து தூக்கினார். அடி பிய்ந்து கருவாடு விழுந்தது.

"மாப்புள மூஞ்சி பளபளன்னுதான் இருக்கு தங்கச்சி, மூட்டைய தூக்கச் சொன்னா ஒடியிறாரே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கமலம் என்னைப் பார்த்தாள்.

"ஈரத்துல கிழியாம இருக்க மருந்து இல்லியாக்கா?"

"இருக்கு. ஃபார்மலின் சேர்ந்த பிசின். திங்கிற சாமானைச் சுத்துற தாளுல அதைப் போடுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப மூடிட வேண்டியதுதான்," என்றாள். அங்கேயே பேருந்து ஏறினேன்.

மழையில் இந்தப் பக்கம் போகிறவர்கள் மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். தமிழ்நாட்டு எல்லைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, காரைக்கால் சாராயப் புட்டி தேடிப் பைகளைத் திறப்பார்கள். அரை மணி நேரம் போய்விடும். என் பையில் மீந்திருந்த கமலத்தின் தாள்க் கட்டை எடுத்து, "வெறும் பேப்பராம்மா?" என்றார் காவலர். அவர் கையிலிருந்த தாளின்மேல் மழைத்துளிகள் ஒட்டாமல் உருண்டு விழுந்துகொண்டிருந்தன.

"வெறும் பேப்பர்தாங்க," என்றேன்.