நிலா வண்டிக்குப் பூசை போட்ட காலை

2008-ல் நானும் என் கூட்டாளியும் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தோம். அந்த வருஷம்தான் நம் நாட்டுக் கலம் ஒன்று நிலாவைச் சுற்றப் போனது. பேப்பரைத் திறந்தால் அதே பேச்சு. புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த நாங்கள், மனிதனும் ரோபோவும் மறுபடி நிலாவுக்குப் போவது எப்படி என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஆளுக்குப் பாதி. ரோபோ அவனுக்கு, மனிதன் எனக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால் எனக்குச் சால்டரிங் வராது. நான் பற்றவைத்தால் ஒயரைத் தவிர எல்லாம் ஒட்டும். அதனால் நிலாவில் மனிதன் என்ன தின்பான், எங்கே படுப்பான் என்று காகிதத்தில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தண்ணீர்க் கணக்கை எங்கள் ஹாஸ்டல் குளியலறையை வைத்துப் போட்டேன். அந்தக் கணக்குப்படி ராக்கெட்டில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஏற்ற முடியாது என்றான் அவன். ரோபோவே போதும், உன் ஆட்கள் எதற்கு என்பதுதான் வருஷம் முழுக்க அவன் பாட்டு. நானும் சிரிப்பேன். ஆனால் வலிக்கும். அவன் முதுகில் தொற்றிக்கொண்டு பாஸாகப் போகிறவன் என்ற எண்ணம் எனக்கே இருந்தது.

பாஸாகியே தீரவேண்டும். சென்னையில் ஒரே கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை உறுதியாகியிருந்தது. புராஜெக்டில் கோட்டைவிட்டவனுக்கு அந்த வேலை கிடையாது.

ரோபோவை ஓட்டிக் காட்ட நிலா மண் மாதிரி ஏதாவது வேண்டும். அதற்கு அவனுடைய ஊரான காட்டுமன்னார்கோயில் கைகொடுத்தது. ரைஸ்மில்லில் உமி எரித்த சாம்பலை நாலு மூட்டை கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றி வந்தான். லேப் தரையில் கொட்டி, ஜல்லியைத் தூவி, பள்ளம் பறித்தோம். ஒரு வாரத்துக்கு அந்த மாடியில் தும்மாதவர்களே இல்லை.

அவன் செய்த ரோபோ வண்டி செருப்பு டப்பா அளவுதான். சக்கரங்கள் ஊறுகாய் பாட்டில் மூடிகள். முன்பக்கம் கறுப்பு மணி போல இரண்டு சென்சார், அவைதான் கண். எதிரே கல் தெரிந்தால் பின்வாங்கித் திரும்பிப் போகும். நன்றாகவே ஓடியது.

தேர்வு நாள் காலையில் நான் ஒற்றைக் காலில் நின்றேன். புது வண்டிக்குப் பூசை போடாமல் ஓட்டுவதா? என் ஊரான கிள்ளையில் எங்கள் வீட்டில் சைக்கிளைக்கூட அப்படி மிதித்ததில்லை. அவனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கோயில் வாசலிலேயே நின்றுகொண்டான். வண்டி எங்கே போகப்போகிறது என்று குருக்கள் கேட்டார். நிலாவுக்கு என்றேன். விருத்தாசலம் என்று சொன்னதுபோல் தலையாட்டிவிட்டு என் நட்சத்திரத்தைக் கேட்டார். எலுமிச்சம்பழம் வைத்ததில்தான் சிக்கல். பழம் சக்கரத்தைவிடப் பெரிது. பள்ளம் ஏறி இறங்கும் வண்டி பழத்தின் மேல் ஏற மறுத்தது. கடைசியில் நானே காலால் நசுக்கினேன். நெற்றி எது என்று குருக்கள் கேட்க, முன்பக்கத்தைக் காட்டினேன். சந்தனம், குங்குமம் எல்லாம் தாராளமாகவே வைத்தார். அங்கிருந்து நேராக லேபுக்குப் போனோம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சாம்பலைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். என் கூட்டாளி சுவிட்சைப் போட்டான். வண்டி பின்னால் போனது. திரும்பியது. மறுபடி பின்னால் போனது. சாம்பலைத் தாண்டி, வாசற்படி வரை பின்னாலேயே போய் முட்டி நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். என் பாதியைப் புரட்டியபடி, ரோபோவை அனுப்பிவிட்டு மனிதனையும் எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அப்போதுதான் வண்டியின் கண்ணைப் பார்த்தேன். இரண்டு மணியும் சந்தனத்துக்குள் இருந்தன. பாவம், அதற்கு உலகம் முழுக்கக் கல். ஓடிப்போய்க் குனிந்து சட்டை நுனியால் துடைத்தேன். வண்டி நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"இதுக்குத்தான் சார்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நல்ல பதில் என்று என் கூட்டாளியிடமே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பூசை போட்டது நான், கண்ணை அடைத்தது நான், பாராட்டும் எனக்கு. எந்த நொடியும் அவன் உண்மையைப் போட்டு உடைப்பான் என்று எதிர்பார்த்தேன். உடைக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் சார் என்றான்.

இருவரும் பாஸ். வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒன்ன ஃபெயிலாக்கியிருப்பாரு. அப்புறம் மெட்ராஸுக்கு நான் மட்டும் தனியா போயி என்னா பண்றது மச்சான்?"