முன்னறைப் போக்கியம்

கும்மிடிப்பூண்டியில் லாரிகள் ஓடும் பெரிய ரோட்டைப் பார்த்தபடி எங்கள் வீடு இருந்தது. அதைக் கட்டி முடிக்க, நைனா அந்த வீட்டையே ரைஸ்மில் முதலாளியிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது. ரோட்டைப் பார்த்த முன்னறை என்னுடையது, பின்னறை தம்பியுடையது. எனக்குத் தெரிந்த சொத்து விவகாரம் அவ்வளவுதான்.

நைனா வேலை பார்த்த கம்பித் தொழிற்சாலையில் சம்பளத் தகராறு முற்றி, ஒருநாள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அதோடு வட்டி கட்டுவதும் நின்றது. இப்படியே போனால் வீடு ஏலத்துக்கு வரும் என்று மில் குமாஸ்தா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நைனா பெரிய ரோஷக்காரர். யார் எதிரிலும் போய்க் கைகட்டி நிற்கமாட்டார். ரோஷத்தால் வட்டி கட்ட முடியாதே! ஆகவே அம்மா கிளம்பினாள்.

நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, யோசனை சொல்ல ஓடிவந்தாள். "தலைக்கு எண்ணெ வெக்காத. கிழிஞ்ச பொடவையா பாத்துக் கட்டிக்கினு, பொண்ணையும் இட்டுக்கினு போ. ரெண்டு சொட்டு கண்ணீர் உடு. அப்பதான் அவன் எறங்கி வருவான்."

"நான் இன்னா பிச்சைக்கா போறேன்? டைம் கேக்கப் போறேன். நல்லா பொழைக்கறவங்கன்னு தெரிஞ்சாதான் டைம் குடுப்பான்" என்றாள் அம்மா. சொன்னதோடு விட்டாளா? அத்தை கழுத்தில் கிடந்த சங்கிலியையே இரவல் கேட்டாள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். எனக்குப் பொங்கல் பாவாடை. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நாங்கள் கடன்காரரைப் பார்க்கப் போனோம்.

மில்லில் தவிட்டுத் தூசி பறந்தது. முதலாளி அம்மாவைப் பார்க்கும் முன்பே சங்கிலியைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, இவ்ளோ பெரிய சங்கிலிய மாட்டிக்கினு வந்து வட்டிக்கு டைம் கேக்கறியே? அதைக் கழட்டி வெச்சா தீந்துது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது எங்க அத்தையுது. சாயந்தரம் திருப்பிக் குடுத்துடணும்" என்றேன்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குக் கிள்ளு விழும் என்று தொடையை இறுக்கிக்கொண்டேன். அம்மா கிள்ளவும் இல்லை, கூசிப்போகவும் இல்லை. "புள்ள சொல்றது நெஜந்தான் மொதலாளி, இரவலுதான். ஊடு மட்டும் எங்களுது. அதைப் பத்திப் பேசலாமா?" என்றாள்.

பேசினாள். "எளாவூர் பக்கம் போற உங்க லாரிங்களுக்காக ரோட்டு மேல மூட்டை போட எடம் தேடறீங்களாமே. எங்க முன்னறைய எடுத்துக்கங்க. வட்டிக்குப் பதிலா போக்கியமா இருக்கட்டும். வாடகை வாணாம், நீங்களும் வட்டி கேக்க வாணாம். கம்பெனி தெறந்ததும் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. பழையபடி வட்டி கட்டறோம்."

முதலாளி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ எனக்குக் கடன் குடுத்தவ மாதிரி பேசறியேம்மா" என்றார். சரி என்றும் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது அம்மா நடந்த நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரமே மூட்டைகள் வந்தன. என் அறை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. மூட்டை மேல் மூட்டையாக உத்தரம் வரை அடுக்கினால் ஏறி விளையாட அதைவிட வேறென்ன வேண்டும்? அன்று சுமைதூக்கும் ஆட்களில் ஒருவர் வரவில்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்த நைனா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தானும் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

கடைசியில் மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிற்கவைத்துக் கூலி கொடுத்தார். நைனாவை அவருக்கு அடையாளம் தெரியாது. நைனா கையிலும் காசை வைத்தார். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து, தரையில் சிந்தியதைக் கூட்ட ஆரம்பித்தாள். நைனா காசை மடியில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு லாரி வந்த நாளெல்லாம் அவரும் ஆட்களோடு வரிசையில் நின்றார்.

ஒருநாள் ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சேதி சொன்னேன். "எங்க நைனாவுக்கு எங்க ஊட்லயே வேலை கெடச்சிடுச்சி, மூட்டை தூக்கறதுக்கு டப்பு குடுக்கறாங்கன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நைனா சிரித்து என் தலையைத் தட்டினார். அம்மா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்படியில் நின்றாள். இவ்வளவு நல்ல சேதியைச் சொன்னதற்கு ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று அன்று நான் அவளோடு பேசாமலே தூங்கினேன்.