மேட்டில் ஏறிய லொறி

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது நான் மாத்தளையில் சமூக சேவை அலுவலராக இருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நான் குடியிருந்த வாடகை வீட்டையும் எரித்துவிட்டார்கள். உக்குவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இருந்த அகதி முகாமுக்கு நான் பொறுப்பாளர். அங்கேயே ஒரு வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கிற அகதியும்கூட.

உதவி வராமல் இல்லை. பள்ளிவாசல்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். வஹகோட்டைப் பக்கமிருந்து ஒரு பாதிரியார் உடுப்புகள் சேர்த்து அனுப்பினார். கச்சேரியிலிருந்து அரசாங்க அரிசி வந்தது. ஆஸ்பத்திரி மருத்துவிச்சி, சிங்களப் பெண், முடிந்தபோதெல்லாம் வந்துபோனாள். ஆனால் யார் எப்போது வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே நாளில் மூன்று இடத்துப் பாண் ரொட்டி வந்து காய்ந்துபோகும். மறுநாள் குழந்தைகளுக்குப் பால்மா இருக்காது.

ஒரு காலை, மேட்டில் லொறி ஏறும் சத்தம் கேட்டது. கூடவே ஆண்களின் குரல்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எரித்தவர்களும் இப்படித்தான் லொறியில் வந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பின்வேலியைப் பிய்த்துக் கொக்கோத் தோட்டத்துக்குள் ஓடினோம். யாரோ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிடித்திருந்தவள் ஒரு நிறைமாதக்காரி. சரிவில் விழுந்துவிட்டாள். சருகுக்குள் அவளோடு படுத்து, அவள் வாயைக் கையால் பொத்தினேன். பனிக்குடம் உடைந்து என் சேலை நனைந்தது.

"பிள்ள அழுதா அவங்களுக்குக் கேட்டுருமே மிஸ்," என்றாள் என் விரலிடுக்கில்.

இன்னும் பிறக்காத பிள்ளையின் அழுகைக்கு இருவரும் நடுங்கினோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து தமிழில் யாரோ கூப்பிட்டார்கள். பள்ளிவாசல் சோறு கொண்டுவருகிற, எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரரின் குரல். அவர் சோற்றோடு வந்தபோது முகாமில் ஆளில்லை. வாசலில் பாதிரியார் அனுப்பிய வாடகை லொறி மட்டும் நின்றது. பேசிக்கொண்டு வந்தவர்கள் உடுப்பு மூட்டை இறக்க வந்த ஆட்கள்தான். அந்த லொறியிலேயே அவளை ஏற்றினோம். வழியில் இராணுவம் மறித்தபோது நானா சிங்களத்தில் பேசினார். நான் வாய் திறக்கவில்லை. என் சிங்களத்தில் யாழ்ப்பாணம் கேட்கும். ஆஸ்பத்திரியில் அந்த மருத்துவிச்சியே பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் பாதிரியாரையும் நானாவையும் மருத்துவிச்சியையும் முகாமுக்கு வரவழைத்தேன். யார் எந்த நாளில் வருவது, எதைக் கொண்டுவருவது என்று பேசி முடித்தோம். அதுவரை தலை குனிந்திருந்த பாதிரியார், முகாமுக்குப் பழக்கமான ஒருவர் முன்னால் நடந்து வராமல் எந்த வண்டியும் மேட்டில் ஏறக் கூடாது என்றார்.

"நா நடக்கிறேன் தங்கச்சி," என்றார் நானா.

எங்களுக்கு உதவுகிறார் என்று முந்தின கிழமைதான் அவர் கடைக்குக் கல்லெறிந்திருந்தார்கள். பயமில்லையா என்று கேட்டேன்.

"இல்லாமலா? கல்லெறிஞ்சிட்டு ரோட்டுல நிக்கிறவங்களுக்கும் என் மொகம் தெரியும்."

அடுத்த லொறி வந்தபோது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சத்தமாகப் பேசியபடியே முன்னால் நடந்து வந்தார். யாரும் ஓடவில்லை. ஆனால் எல்லோரும் எழுந்து நின்றோம். பக்கத்தில் நின்ற தோட்டத்து மனிதர் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். நம் நானாதான் வருகிறார் என்றேன்.

"தெரியுதுங்க மிஸ்," என்றார். "காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."