ஃபிளாஷ் அடித்தால் ஆளைக் காணோம்

போட்டோ எடுக்கிற தொழிலில் இருட்டைச் சமாளித்துவிடலாம். வெளிச்சம் கூடிப்போனால்தான் மானம் போகும்.

இனிமேல் நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கடல் மேல் சத்தியம், உப்பு மேல் சத்தியம், என் வாயில் மிச்சம் இருக்கிற பற்கள் மேல் சத்தியம். நம்பாதவர்கள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். என்னைப் பிடிக்காதவனாகப் பார்த்துக் கேளுங்கள், அவனும் ஆமாம் என்றுதான் சொல்வான். கேமரா தலையில் தனி ஃபிளாஷ் மாட்டி, மனிதனை எடுக்கப்போய் வெள்ளைத் தாளோடு வீடு திரும்பிய எல்லாருக்கும் என் வலி புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

நிச்சயதார்த்தத்தில் ஒரு புடவை

பக்கத்துத் தெரு ஏழுமலை கப்பலில் சமையல்காரன். அவன் மகள் கஸ்தூரிக்கும் இரும்பை என்கிற ஊரில் லாரி ஓட்டுகிற வேலுவுக்கும் நிச்சயதார்த்தம். என் பழைய ஃபிளாஷ் கண்ணை மூடிவிட்டதால், பாண்டிச்சேரி போய்ப் புதுசு ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதன் முதுகில் ‘எம்’ என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து மின்னியது. மரக்காணத்துக்குப் போகிற சரக்கு என்று கடைக்காரர் குறித்துக் கொடுத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அது மேனுவல் என்பதும், எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் வைத்த அளவுக்கு அடிக்கும் என்பதும், வைத்திருந்த அளவு முழு பவர் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. முதல் அடிக்கு எதிர்வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவியது. மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த படகு ஒன்று, கலங்கரை விளக்கம் இந்தப் பக்கம் மாறிவிட்டதோ என்று குழம்பிக் கரைக்குத் திரும்பியது.

படத்தில் கஸ்தூரியின் புடவை இருந்தது, மூக்குத்தி இருந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பால். கேமராவை வாங்கிப் பார்த்தவள் படத்தைப் பெரிதாக்கி முகத்தைத் தேடினாள். "அப்பாவுக்கு லீவு கெடைக்கல பெரியப்பா. நடுக்கடல்ல சிக்னலும் இருக்காது, கல்யாணத்த போன்ல காட்ட முடியாது. தாலி கட்டற படம் ஒண்ணுதான் அவருக்குக் கல்யாணமே" என்றாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவளே பாவம் பார்த்துச் சிரித்தாள். "ஆமா, இந்தப் படத்துல மாப்பிள்ள யாரை நிச்சயம் பண்ணிக்கறாரு, என்னையா, பொடவையையா?"

உப்பு மேட்டில் பச்சையம்மாள்

மேனுவலை விட்டு டிடிஎல்லுக்கு மாறினேன். அதில் கேமராவே வெளிச்சத்தை அளந்து, எவ்வளவு அடிக்கவேண்டும் என்று ஃபிளாஷுக்குச் சொல்லிவிடும். ஒத்திகை பார்க்க உப்பளத்துக்குப் போனேன். கஸ்தூரியின் அம்மா பச்சையம்மாள் அங்கேதான் உப்பு வாருகிறாள். சாப்பாடு எடுத்துக்கொண்டு கஸ்தூரியும் வந்திருந்தாள். பச்சையம்மாளை உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கவைத்து அடித்தேன். முகம் கறுத்துப்போய் வந்தது. பின்னால் மலை மாதிரி வெள்ளை இருந்தால் கேமரா ஏமாந்துவிடும். இங்கே வெளிச்சம் ஏகத்துக்கும் கிடக்கிறது என்று ஃபிளாஷை அடக்கிவிடும். உப்பளத்தில் படம் எடுக்கிற எங்களுக்கு இது பழகின தொல்லை. ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதைப் பிளஸ் இரண்டுக்கு ஏற்றினேன். படம் ஜோராக வந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த உப்புத் தூள்கூடத் தெரிந்தது.

ஏற்றின வேகத்தில் இன்னொன்றும் நடந்தது. பக்கத்துப் பாத்தியில் காலையில்தான் பாய்ச்சியிருந்த உப்புத் தண்ணீர் ஒரே அடியில் இறுகிக் கல்லுப்பாகிவிட்டது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து பறந்து வந்த பூநாரை ஒன்று, வரும்போது இளஞ்சிவப்பு, போகும்போது வெள்ளை. பாத்திக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் காலையில் வந்து இப்படி அடித்துவிட்டுப் போகச் சொன்னார். பச்சையம்மாளுக்கு மட்டும் இதெல்லாம் பெருமையாகப் படவில்லை. முந்தானையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "இந்த வெயில்லயே கண்ணத் தொறக்க முடியல, இது பத்தாதுன்னு நீங்க வேற லைட்டு எடுத்தாந்துட்டீங்களாண்ணே?"

பாண்டிச்சேரிக் கடையில் வைத்தியம்

நலங்கு அன்றைக்கு, மஞ்சள் பூசின கஸ்தூரியை வீட்டுக் கூடத்தில் வைத்து எடுத்தேன். படத்தில் மஞ்சளைக் காணோம், கஸ்தூரியையும் காணோம். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு ஜிமிக்கி மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவள் கிண்டல்கூடப் பண்ணவில்லை. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் முதல் வேலையாக ஃபிளாஷையும் கேமராவையும் மடியில் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஃபிளாஷைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். கேமராவோடு சேரும் இடத்தில் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும். கேமரா ‘போதும்’ என்று சொல்வது அந்த ஊசி வழியாகத்தான். எங்கள் ஊர்க் காற்றின் புண்ணியத்தில் அதில் உப்பு பூத்துக் கிடந்தது. ஃபிளாஷுக்குக் காது கேட்காமல், உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரால் ஊசிகளைத் தேய்த்தார். உதிர்ந்த உப்பை ஒரு தாளில் ஏந்தி, பாதி கொய்யாப்பழத்துக்குத் தொட்டுத் தின்று முடித்தார், அப்போதும் மிச்சம் இருந்தது. கடையின் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். அளவெடுத்த மாதிரி வந்தது. நான் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "பெரியவரே, இது ஃபிளாஷா, ஊறுகா ஜாடியா?"

கெட்டிமேளம்

கல்யாண மண்டபத்து மேடையில் பின்னால் அரக்கு நிற வெல்வெட் திரை. முன்னால் கஸ்தூரி, அவளும் அரக்குப் புடவை. வைத்தியம்தான் ஆகிவிட்டதே என்று தெம்பாக ஐயரை ஒரு படம் அடித்துப் பார்த்தேன். நெற்றியில் மட்டும் பூசியிருந்த விபூதி, படத்தில் அவர் உடம்பு முழுக்கப் பூசியிருந்தது. ஊசியைத் துடைத்தேன். கேமரா எவ்வளவு வெளிச்சம் வாங்கும் என்று குறிக்கிற ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்தேன். பாட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் விபூதி. தாலித் தட்டு கூட்டத்துக்குள் ஆசீர்வாதம் வாங்கப் போய், மேடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த கஸ்தூரி உதடு அசையாமல் கேட்டாள்: "பெரியப்பா, உப்பு மேட்டுல அம்மாவுக்காக எதையோ ஏத்தனீங்களே, எறக்கனீங்களா?"

இறக்கவில்லை. வெள்ளை உப்புக்காக ஏற்றின பிளஸ் இரண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைக்காரரின் சுவரும் வெள்ளை. அதனால்தான் அங்கே சரியாக வந்து என்னை ஏமாற்றியிருக்கிறது. இருட்டு நிறத் திரைக்கு முன்னால் கேமரா தானாகவே அள்ளிப் போடும், அதன் தலைமேல் என் பங்கு வேறு. பூஜ்யத்துக்கு இறக்கி, மைனஸ் பக்கம் ஒரு பொட்டு தள்ளினேன். அதற்குள் வேலு தாலியை எடுத்துவிட்டான், கெட்டிமேளம் கிளம்பிவிட்டது. "மாப்ள, அப்படியே நில்லு, இங்க பாரு" என்றேன். லாரிக்காரன் அல்லவா, பிரேக் போட்ட மாதிரி நின்றான். அடித்தேன். கேமராவின் திரையில் கஸ்தூரி இருந்தாள். கண், மூக்கு, உதட்டோரத்தில் அடக்கின சிரிப்பு, எல்லாம் அதனதன் இடத்தில். இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம் என்று அவனை அப்படியே நிறுத்திவைத்ததில், நாதஸ்வரக்காரர் கன்னம் பூசணிக்காய் அளவுக்கு உப்பி, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வடியவில்லை. ஐயர் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, முகூர்த்தம் இவங்களுக்கா, உன் ஃபிளாஷுக்கா?"

கப்பல் கரை தொட்டது

தாலி கட்டும் படத்தையும், பந்தியில் எடுத்த ஒன்றையும் ஏழுமலைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பச்சையம்மாள் உப்பளத்திலிருந்து வந்ததும் காலைக் கழுவாமல் என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று, "பாத்துட்டாராண்ணே?" என்பாள். எந்தக் கடலில் போய்க்கொண்டிருந்தானோ, படம் போய்ச் சேரவே இல்லை.

கஸ்தூரியும் வேலுவும் மறுவீட்டுக்கு வந்திருந்த அன்றைக்கு என் போனில் ஏழுமலையின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று விழுந்தது. தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சத்தமாக வைத்தோம். முதலில் கப்பல் எஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அண்ணே, பாத்துட்டேன். கண்ணுக்குள்ளயே நிக்கறா" என்றான். மறுபடி எஞ்சின். பச்சையம்மாள் முந்தானையை எடுத்தாள், கஸ்தூரி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள், லாரிக்கார மாப்பிள்ளை உத்திரத்தைப் பார்த்தான். போனில் ஏழுமலை செருமிக்கொண்டு, குரலைச் சரிபண்ணிக்கொண்டு, சமையல்காரனாக மாறிச் சொன்னான்: "பந்தி படமும் பாத்தேன். அது யாருண்ணே சாம்பார் வெச்சது, பருப்பே பத்தல, இங்கேருந்தே தெரியுது."

ஆக, நடுக்கடலில் இருக்கிறவனுக்கும் சாம்பாரில் பருப்பு தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வைத்தால் போதும் என்பதுதான் தொழில், ஆனால் இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் தயவுசெய்து என் பேரைச் சொல்லிவிடாதீர்கள், ஏழுமலை லீவில் வரப்போகிறான், கல்யாணத்தில் அந்தச் சாம்பார் வைத்தவனைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.