சொல்லாமல் கிளம்பிய குடிகள்

1. மூன்றாம் நாள் காலை

“என் ஆட்களை எதிரி கிரகத்துக்கு அனுப்பியது யார்? நான் உத்தரவே போடவில்லை. இது பக். உடனே சரிசெய்யுங்கள்.”

எங்கள் விண்வெளி வியூக விளையாட்டு வெளியான மூன்றாம் நாள் காலையில் நான் படித்த முதல் விமர்சனம் இது. பக் என்றால் பூச்சி, ஆட்டத்தில் புகுந்துவிட்ட பிழையை அப்படித்தான் சொல்வோம். அடுத்ததும் இதே புலம்பல்தான். அதற்கடுத்தது முழுக்கக் கெட்ட வார்த்தை.

கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் கேம் டிசைனர் வேலை பார்க்கிறேன். ஆட்டத்தின் விதிகளை நாங்கள் மெக்கானிக் என்போம். அவற்றை எழுதுவது என் வேலை. ஆட்டக்காரர்கள் அனுப்பும் ஃபீட்பேக்கைப் படித்து, எதை மாற்றுவது, எதை விடுவது என்று சொல்வதும் என் வேலைதான். இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைப் பற்றித்தான் என்பதால் எழுதுகிறேன்.

ஆட்டம் எளிமையானது. கிரகங்களைப் பிடிக்க வேண்டும், அங்கே மக்களைக் குடியேற்ற வேண்டும், அவர்கள் தோண்டித் தரும் தாதுவை வைத்துக் கப்பல் கட்டிச் சண்டை போட வேண்டும். நான் ஒரு விதியைச் சேர்த்திருந்தேன். தண்ணீர் அனுப்பாமல் வேலை மட்டும் வாங்கினால், குடிகள் கப்பலேறிப் பக்கத்துக் கிரகத்துக்குப் போய்விடுவார்கள். அது எதிரியின் கிரகமாக இருந்தாலும் போவார்கள்.

எங்கள் கரிசல் பக்கம் ஐப்பசி மழை ஏமாற்றினால் பாதி வீட்டில் பூட்டுத் தொங்கும். ஆட்கள் திருப்பூரில் இருப்பார்கள். யாரும் யாரிடமும் உத்தரவு கேட்டுப் போனதில்லை. மற்ற விண்வெளி ஆட்டங்களில் மக்கள் பீரோ மாதிரி வைத்த இடத்தில் நிற்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அவ்வளவுதான் காரணம்.

பத்து மணிக்கு என் மேலாளர் ரகு சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

“செல்வி, ஜனங்க கிளம்பிப் போற அந்த மைக்ரேஷனைத் தூக்கிடுங்க. வெள்ளிக்கிழமை அப்டேட்.”

“எதுக்கு?”

“எதுக்கா? ரிவ்யூ பேஜ் பாத்தீங்களா, இல்லையா? எல்லாம் மோசம்னு ஒரே சிவப்பு.”

கோபம் வந்தால் என் வாயில் ஊர்த் தமிழ்தான் வரும். “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தச் சொல்லுதீங்களா?”

“பூச்சி இருக்குல்ல?”

“இருக்கு. எங்கன இருக்குன்னு தேடுதேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னைய விடுங்க.”

2. அண்ணாச்சியின் காலி கிரகம்

எழுதி வரும் ஃபீட்பேக்கில் கோபம் தெரியும். அது எந்த இடத்தில் வந்தது என்பது தெரியாது. அதற்கு ஆடுகிறவர் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டது கீழ்வீட்டு செல்வராஜ் அண்ணாச்சியை. அறைக்குச் சொந்தக்காரர் அவர்தான். சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் ராஜ்யம் பிடிக்கிற ஆட்டம் எதையாவது ஆடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று அவர் ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி பொன்னுத்தாய் அக்கா பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். அண்ணாச்சி தண்ணீர்க் கப்பலையெல்லாம் போருக்குத் திருப்பிவிட்டார். தோண்ட வேண்டிய தாதுவின் அளவையும் ஏற்றினார்.

“இன்னுங் கொஞ்சம் ஏத்துவோம். தின்னுட்டுச் சும்மாதான கெடக்கானுவ.”

கொஞ்ச நேரத்தில் கிரகம் காலி.

“ஏம்மா செல்வி, என் ஆளுகள எங்க காணோம்?”

“பக்கத்துக் கிரகத்துக்குப் போயிட்டாங்க, அண்ணாச்சி.”

“யாரக் கேட்டுப் போனானுவ? சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இது என்ன சத்திரமா?” மவுஸை மேசையில் ஓங்கி அடித்தார். நல்லவேளை, அது அவருடைய மவுஸ்.

பொன்னுத்தாய் அக்கா சிரித்தார். “போன மாசம் நம்ம ஆபீசுல இருந்து மூணு பொம்பளைக வேலைய விட்டு நின்னாளுவல்லா, அதே மாதிரி இருக்கு.”

“அவளுவளுஞ் சொல்லாமத்தான போனாளுவ! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேக்காமலா இருந்திருப்பேன்?”

“சொன்னாளுவ. ஒங்க மேசைக்கு முன்னால வந்து நின்னு சொன்னாளுவ. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீய.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் ஆட்டத்திலும் குடிகள் சொல்லத்தான் செய்தார்கள். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி எரியும். அதைத் தொட்டால் குறை என்னவென்று வரும். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேலே போய், மற்ற ஆட்டக்காரர்கள் அனுப்பியிருந்த வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவரும் அந்தப் புள்ளியைத் தொடவில்லை. பூச்சி அங்கேதான் இருந்தது.

3. மூன்றாவது பட்டன்

புள்ளியை எடுத்தேன். கிளம்புவதற்கு இரண்டு சுற்றுக்கு முன்னால் குடிகளில் ஒருவர் நடுத்திரையில் வந்து நிற்பார். ஆட்டம் நின்றுவிடும். “தண்ணீர் வரவில்லை. இப்படியே போனால் கிளம்பிவிடுவோம்” என்பார். பதில் சொன்னால்தான் ஆட்டம் நகரும். ‘கேட்டதைக் கொடு’ என்று ஒரு பட்டன், ‘போகட்டும்’ என்று ஒரு பட்டன்.

ரகுவுக்குப் பிடித்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

“சூப்பர் செல்வி. மூணாவதா ஒண்ணு வைங்க. ‘போகவிடாதே’. படையை வச்சுத் தடுக்குற மாதிரி. பிளேயர்ஸ் அதைத்தானே கேக்குறாங்க?”

“வைக்க மாட்டேன்.”

“ஒரு பட்டன்தானே!”

“அந்தப் பட்டன் இருந்தா மத்த ரெண்டையும் எவன் அமுக்குவான்? ஒருத்தனும் தண்ணி அனுப்ப மாட்டான். திரும்பவும் பீரோதான்.”

“கேக்குறது பிளேயர்ஸ், நான் இல்ல.”

“அவிய வலிக்குதுன்னு சொன்னா நம்புதேன். மருந்தையும் அவியளே எழுதுறதுன்னா எனக்கு எதுக்குச் சம்பளம்?”

ரகுவின் குரல் மாறியது. “அடுத்த கேமுக்கு உங்க ஒப்பந்தம் இந்த ரிவ்யூவை வச்சுத்தான் முடிவாகும். தெரியும்ல?”

தெரியும். கையில் வேறு வேலை கிடையாது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு இந்தத் தொழிலில் இன்னொரு வேலை பிடிப்பது எவ்வளவு பாடு என்பதும் தெரியும். ஆனால் உழைக்கிறவன் கிளம்பும்போது வாசலை அடைக்கிற பட்டனை என் கையால் வைப்பதற்கு நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ரகு அதைச் சாதாரணமாகக் கேட்டதுதான் எனக்கு ஆத்திரம்.

“வேற ஆளை வச்சு அந்தப் பட்டனப் போடணும்னா போட்டுக்கோங்க, ரகு. ஆட்டத்துல எம் பேரு மட்டும் இருக்கக் கூடாது. இன்னைக்கே எடுத்துடுங்க.”

இணைப்பு போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

“உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது,” என்றார் கடைசியில். “ரெண்டு பட்டனோட போகுது. விழுந்தா உங்க தலையிலதான் விழும்.”

“விழட்டும்.”

4. அப்டேட்டுக்குப் பிறகு

அண்ணாச்சி திரும்ப ஆடினார். நடுத்திரையில் ஆள் வந்து நின்றதும், “ஏலே, என்னையவே மொறைக்கான் பாரேன்” என்று கத்தினார். கொஞ்ச நேரம் அவனைத் திட்டிவிட்டுத் தண்ணீர்க் கப்பலை அனுப்பினார்.

முதலில் ‘இது பக்’ என்று எழுதியவரும் திரும்ப எழுதியிருந்தார். “இப்போது நேரே வந்து நின்று மிரட்டுகிறார்கள். வேறு வழியில்லாமல் தண்ணீர் கொடுத்தேன். திமிர் பிடித்த ஜனங்கள்.” இதைவிட நல்ல பாராட்டு எனக்கு இதுவரை வந்ததில்லை. பக் என்ற சொல்லே அதில் இல்லை. ஜனங்கள் என்று எழுதியிருந்தார்!

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆட்டக்காரரைக் கேலி பேசாதீர்கள். அவர் கால் நிஜமாகவே இடறியிருக்கும். இடறிய இடத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யுங்கள். அதற்காகக் கூடத்தையே இடிக்கச் சொன்னால் இடிக்காதீர்கள். மேலாளர் சொன்னாலும் இடிக்காதீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

மறு வாரம் ரகு கூப்பிட்டார்.

“ஒப்பந்தம் அனுப்பியிருக்கேன், பாருங்க. சிவப்பு பாதியாக் குறைஞ்சிருக்கு. ஆனா மீதிப் பேர் இன்னும் உங்களைத்தான் திட்டுறாங்க.”

“ஆடுதாங்களா?”

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

“ஆடுறாங்க. முன்னைவிட ஜாஸ்தியா.”

“அப்ப நல்லாத் திட்டட்டும்.”