இரண்டு பேருக்கும் ஊசி

என் மனைவிக்கு நாலாம் மாதம். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து சுகாதார மையத்தில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பால்வினை நோய் தெரிகிறது, கவனிக்காவிட்டால் குழந்தைக்கும் போகும், புருஷனையும் கூட்டிக்கொண்டு வா என்று நர்ஸ் சொல்லியனுப்பினார்.

அதற்கு நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "ஒனுக்கு வந்ததுக்கு எனுக்கு இன்னாத்துக்கு டெஸ்டு?" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு, வெளியூர் லோடு ஓட்டிய காலத்தில் ஒரு பெண்ணிடம் போயிருந்தேன். பிறகு ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை, தானாகவே ஆறியும்விட்டது. எங்கள் டிரைவர்கள் கணக்கில் வலிக்காதது வியாதியே இல்லை. அப்படித்தான் மறந்துபோனேன்.

ஒரு வாரம் தட்டிக்கழித்தேன். எண்ணூர் ரோட்டில் துறைமுக கேட்டுக்கு என் வண்டி மாதிரி கன்டெய்னர் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். வண்டியை விட்டுவிட்டு வர முடியாது என்றால் யாரும் நம்புவார்கள். கேபினில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை குறையோடு பிறக்குமோ, பிறக்காமலே போய்விடுமோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. அப்போதும் போகவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இன்னொரு டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு மையத்துக்குப் போனேன். அங்கே புருஷன்மார்கள் பைக்கோடு வாசலிலேயே நின்றுவிடுவது வழக்கம். நான் உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நர்ஸ் அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னைத் தனியாக விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எனக்கும் இருந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி, இரண்டு பேருக்கும். டாக்டர் சொல்லும்வரை ஒன்றுசேரக் கூடாது. ஒருவர் ஊசியை விட்டாலும் நோய் மற்றவருக்குத் திரும்ப வரும் என்றார்.

"யாரால வந்துச்சுன்னு நான் அவகிட்ட சொல்லப் போறதில்ல தம்பி. அத நீதான் சொல்லணும்."

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகர்கிற மாதிரி தெரியவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு, பின்னால் இருந்தவளைத் திரும்பிப் பார்க்காமலே, என்னால்தான் வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் செய்த தப்பு என்று சொன்னேன். அவள் என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து, சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் அம்மா ஊசி எதற்கென்று கேட்டார். ரெண்டு பேருக்கும் ரத்தம் கம்மியாம் என்று சட்டென்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாமியார் எனக்கும் ஈரல் வறுத்து, முருங்கைக்கீரை வதக்கித் தட்டில் குவித்தார். என்னோடு பேசாதவள் எனக்காகப் பொய் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டே வைத்ததையெல்லாம் தின்பேன். அவள் தலை நிமிராமல் சாப்பிடுவாள். ஆனால் அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு முன்னால் கிளம்பி, பைக் பக்கத்தில் நிற்பாள்.

பெண் பிறந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரும்வரை நான் பிள்ளையைத் தொடவில்லை. என் கை பட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். எல்லோரிடமும் எனக்குச் சளி என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து, குழந்தைக்கு நோய் இல்லை, சில மாதம் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஒன் மேல கோவம் இன்னும் போவல. எப்ப போவும்னு எனுக்கும் தெர்ல" என்றாள் அவள். "இந்தா, புள்ளய புடி. நான் கொஞ்ச நேரம் தூங்கணும்."

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.