சாய்ந்த சிவப்புக் கோடு

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த தாளில் அச்சடித்த கட்டங்கள் நான்கு இருந்தன. முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். எதிரே, "கேபிள் முழுமையாகச் செருகப்படவில்லை. பொருத்தியவரின் கவனக்குறைவு." படித்ததும் பாலிஷ் அக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. இருபது வருடத்தில் அவளை வாயாடி என்றவர்கள் உண்டு, பிடிவாதக்காரி என்றவர்கள் உண்டு. தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து யாருக்கும் ஒரு வாய் கொடுக்கமாட்டாள் என்றுகூட முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறார்கள், அது உண்மையும்தான். கவனக்குறைவு என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் கடையின் மாடியில், ஜன்னலோர மேஜை அவளுடையது. பாகங்கள் பாகங்களாக வருவதை ஒரு முழுக் கம்ப்யூட்டராகப் பூட்டிக் கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன் எட்டு வருடம் லிஃப்ட் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால், போல்ட்டிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னால் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. இங்கே பெயிண்ட் கிடையாது, அதனால் நகத்துக்குப் பூசும் சிவப்புப் பாலிஷ். தன் நகத்தில் அவள் ஒரு நாளும் பூசியதில்லை. இன்னமும் லிஃப்ட் வேலைக்குப் போகிற அவள் வீட்டுக்காரர்தான் மாதம் ஒரு பாட்டில் வாங்கி வருவார். வளையல் கடைக்காரம்மா, "உங்க வீட்டம்மா ரொம்ப ஷோக்குப் போல" என்பாள். மனிதர் மறுக்காமல் சிரித்துவிட்டு வருவார்.

பிளக்கிலும் அது போய் உட்கார்ந்த சாக்கெட்டிலும் சேர்த்து அக்கா போடும் கோடு எப்போதும் சாய்வாகத்தான் இருக்கும். நேராகப் போட்டால் பிளக் கொஞ்சம் வெளியே வந்தாலும் கோடு நேராகவே தெரியும், கண்ணை ஏமாற்றிவிடும். சாய்வாகப் போட்டால் ஒரு நூல் நகர்ந்தாலும் இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. கடையில் எல்லோரும் இதைக் கேலி செய்வார்கள். "அக்கா, கம்ப்யூட்டரைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு பிளக்கின் மேல் தீராத வயிற்றெரிச்சல். படங்களைக் கணக்குப் போட்டு வரைந்து தரும் கனத்த கிராபிக்ஸ் கார்டுகளுக்கு முன்பெல்லாம் இரண்டு மூன்று பெரிய பிளக்குகளில் மின்சாரம் போகும். புதிய கார்டுகளுக்கு எல்லாவற்றையும் ஒரே சின்ன பிளக்கில் அடக்கிவிட்டார்கள். மின்சாரம் உள்ளே வர ஆறு ஊசி, திரும்பிப் போக ஆறு ஊசி, ஒவ்வொன்றும் தீக்குச்சி கனம்கூட இல்லை. போகிற மின்சாரமோ ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போதும். அக்கா வயர் வயராக மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஒரு வயர் தன் பங்கைப் போல இரண்டு மடங்கு சுமந்தது, பக்கத்து வயர் சும்மா இருந்தது. ஆறு பேர் தூக்க வேண்டிய பீரோவை ஒருத்தன் தலையில் கட்டினால் அவன் என்ன ஆவான்? ஊசி சூடாகிறது, சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உருகுகிறது. இதைப் பெரிய படிப்பு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்படித்தான் பல் மேடத்தின் கார்டும் உருகியது. பல் டாக்டர்களுக்காகச் செயற்கைப் பற்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற பெண் அவர். கடையில் அவருக்கு அந்தப் பெயர்தான். வேலை செய்யும் அறை வெள்ளை, மேஜை வெள்ளை, அதனால் கார்டும் கேபிளும்கூட வெள்ளையாக வேண்டும் என்று தேடி வாங்கியிருந்தார். பூட்டிக் கொடுத்து ஏழு மாதம் கழித்து ஒரு மதியம் போன் வந்தது.

"அக்கா, பிளாஸ்டிக் தீயற வாசனை வருது. ஆஃப் பண்ணிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. அதுல கை வைக்காதீங்க, நான் வர்றேன்."

போய்த் திறந்து பார்த்தாள். பிளக்கின் ஒரு ஓரம் பழுப்பாகி, மெழுகு மாதிரி சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. மேல்பக்கமெல்லாம் புகை படிந்த மஞ்சள். மறு ஓரத்தில் அவளுடைய சிவப்புக் கோடு போட்டபடியே இருந்தது, ஒரு நூல் விலகவில்லை. பிளக்கைப் பிடுங்காமல், கார்டும் கேபிளும் ஒன்றாக இருக்கும்படியே பெட்டியில் வைத்து, "கேபிளைக் கழற்ற வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவைத்தாள். மூன்று வாரம் கழித்துத்தான் இந்தத் தாள் திரும்பி வந்தது. புதுக் கார்டு கிடையாது என்பது அதன் சாரம்.

பல் மேடம் கடைக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க நல்லாத்தான் பண்ணியிருப்பீங்கக்கா. ஏதோ அன்னிக்கு அவசரமா இருந்திருக்கும்."

அந்த "அவசரமா" அக்காவைக் குத்தியது. முதலாளியோ இன்னும் ஒரு படி மேலே போனார். "விட்டுத் தள்ளும்மா. இனிமே பெரிய கார்டுன்னா வேற ஆளைப் பூட்டச் சொல்லிடலாம், உனக்கும் தலைவலி இல்லை" என்றார். இருபது வருட வேலையை அச்சடித்த ஒரு கட்டம் வந்து வாங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "ஒருவேளை சரியா உக்காராம இருந்திருக்குமோ?"

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "இல்லை, சும்மா கேட்டேன்" என்றார். "கோடு போட்டிருந்தியே, அதைக் காட்ட வேண்டியதுதானே?"

மறுநாள் காலை பல் மேடத்தையும் அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, நம்பர் சீட்டு. காத்திருக்கிற நாற்காலிகளில் ஐந்தாறு பேர் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் டை கட்டிய அதிகாரி ஒருவர். குரலில் அவ்வளவு மரியாதை, கேட்கக் கேட்க எரிச்சல் வரும் மரியாதை.

"மேடம், இதுல நிறைய பேர் இந்தத் தப்பைப் பண்றாங்க. அழுத்திச் செருகணும். உங்களை மட்டும் சொல்லலை."

"கார்டைக் கொண்டுவரச் சொல்லுங்க சார்."

கார்டு வந்தது. கேபிளைப் பிடுங்கித் தனியாக ஒரு உறையில் போட்டிருந்தார்கள். பிளக்கும் சாக்கெட்டும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தன. சிவப்புக் கோட்டைக் காணோம்.

"யாரு கழட்டினது? கழட்ட வேண்டாம்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

"வர்ற சாமான் எல்லாத்துலயும் முதல்ல கேபிளைக் கழட்டிடுவோம் மேடம். அப்புறம் போட்டோவுக்காகத் தின்னர் போட்டுத் துடைப்போம். அதுதான் எங்க முறை."

"கழட்டிட்டுத்தான், செருகலைன்னு எழுதுவீங்களா?"

பக்கத்துக் கவுண்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். செய்வதையும் செய்துவிட்டு, துடைப்பதையும் துடைத்துவிட்டு, முறை என்று பூசி மெழுகுகிற ஆட்களிடம் இனி என்ன பேசுவது என்று அக்காவுக்குத் தோன்றியது. உறையிலிருந்து கேபிளை எடுத்துக் கவுண்டர் விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக் அவளைக் கைவிடவில்லை. தின்னர் மேலே இருந்த பாலிஷைத்தான் எடுத்திருந்தது. சாயம் உள்ளே இறங்கி வெளிர் சிவப்பாக நின்றது. சுற்றிலும் பிளாஸ்டிக்கில் ஊறிய புகையின் மஞ்சள் துடைத்தும் போகாமல் இருக்க, அந்தக் கோட்டுக்கு அடியில் மட்டும் மஞ்சள் இல்லை. பிளக்கில் பாதி, சாக்கெட்டில் பாதி.

"சார், இதை நீங்களே செருகுங்க. என் கை வேண்டாம்."

"எதுக்கு மேடம்?"

"செருகுங்க, சொல்றேன்."

அவர் வேண்டாவெறுப்பாகச் செருகினார். உருகிய ஓரம் முரண்டு பிடித்தது, பிளக் பாதியில் நின்றது. இரண்டு கோடுகளும் படிக்கட்டு மாதிரி விலகி நின்றன. "இன்னும் அழுத்துங்க" என்றாள் அக்கா. அழுத்தினார். கொக்கி டக்கென்று விழுந்தது. பிளக்கின் பாதிக் கோடு சாக்கெட்டின் பாதிக் கோட்டோடு சேர்ந்து, சாய்வாக, ஒரே கோடாக நின்றது.

"இது நான் பூட்டின அன்னிக்குப் போட்ட கோடு. புகை இதுக்கு மேலதான் படிஞ்சிருக்கு, அடியில இல்லை. நான் பூட்டும்போது பிளக் எங்க இருந்துச்சுன்னு இப்ப நீங்களே சொல்லுங்க."

பல் மேடம் குனிந்து கோட்டைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்கக்கா" என்றார் மெதுவாக.

அதிகாரி உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "புதுக் கார்டு கொடுத்திடறோம் மேடம். ஒரு நல்லெண்ணத்துல. இந்தத் தாளை விட்டுடுங்க."

"கார்டு அவங்களுக்கு. இந்தத் தாள் எனக்கு. இதுல இருக்கிற டிக்கை அடிங்க."

"அடிக்கலாம். ஆனா வேற எதுல டிக் போடறது?" அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். முழுமையாகச் செருகவில்லை, வயரை வளைத்திருக்கிறார், வேறு கம்பெனி கேபிள், பயனரின் பிற தவறு. "ஃபார்ம்ல இந்த நாலுதான் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. உருகி வருகிற எல்லாவற்றுக்கும் யாரோ ஒரு மூலையில் உட்கார்ந்து நான்கு காரணம் யோசித்திருக்கிறார்கள். நான்கிலும் குற்றவாளி வாங்கினவர் அல்லது பூட்டினவர். பிளக்கே மோசமாக இருக்கலாம் என்பதற்கு அந்தத் தாளில் இரண்டு விரல்கடை இடம்கூட விடவில்லை. அக்கா பையைத் திறந்து பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். நான்காவது கட்டத்துக்குக் கீழே, நான்கு பக்கமும் அளந்த மாதிரி, சிவப்பில் ஒரு கட்டம் வரைந்தாள்.

"பிளக்கோட குறைன்னு பக்கத்துல எழுதிட்டு இதுல டிக் போடுங்க சார். காய ரெண்டு நிமிஷம் ஆகும். நான் இங்கேயே நிக்கிறேன்."

அதிகாரி உள்கதவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். பழைய டிக்கை அடித்தார். சின்ன எழுத்தில் எழுதினார், டிக் போட்டார், கையெழுத்தும் போட்டார். அக்கா தாளை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ஒரு கையில் கருகின பிளக், இன்னொரு கையில் அதே நான்கு கட்டத் தாள்.

"எனக்கும் ஒரு கட்டம் போட்டுக் குடும்மா" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அக்கா பாட்டிலை மூடாமல் அவர் தாளை வாங்கினாள்.